ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து

(முதுகலை வரலாறு, இரண்டாம் ஆண்டு மாணவர்)

என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. நான் பிறந்த ஊராகிய சோழவந்தானிலும் ஒரு ழகரம் உண்டு. பன்னிரண்டு வயது வரையில் இவ்விரண்டைப் பற்றியும் நான் ஒரு கணமும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவர் ஒரு மூதாட்டி. அவருக்குத் தமிழ் தெரியாது. வைகையை அவர் கண்டதில்லை. கடல்கள் பல கடந்து, நியூசிலாந்து நாட்டில் வேறோர் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர் அவர்.

விடுதி நண்பர்கள் சிலர் என்னை 'நியூசிலாந்துக்காரன்' என்று கேலியாக அழைப்பதுண்டு. என் தாயார் செவிலியர். முதியோர் இல்லம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்ததால் 2014-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் குடும்பம் அந்நாட்டுக்குச் சென்றது. 2017-இல் பாட்டியின் உடல்நிலை காரணமாகத் திரும்பிவிட்டோம். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் பசுமையான மலைகளையும் பனி மூடிய சிகரங்களையும் பார்த்தேன். ஆயினும் இம்மலருக்காகப் பேனாவை எடுத்தபோது முதலில் நினைவுக்கு வந்தது ஓர் ஊர்ப்பெயர்ச் சண்டைதான். அந்தச் சண்டையில் நானும் ஒரு நாள் வாதாடினேன், வெற்றியும் பெற்றேன். அந்த வெற்றி இன்றுவரை எனக்கு உறுத்தலாகவே இருந்து வருகிறது.

நாங்கள் குடியிருந்த ஊரின் பெயர் வாங்கனுயி. நியூசிலாந்தின் வடதீவில், மேற்குக் கடற்கரையில், ஏறத்தாழ நாற்பதாயிரம் மக்கள் வாழும் ஊர். அதன் நடுவே ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர்தான். தொங்காரிரோ என்னும் எரிமலையின் சரிவில் தோன்றி, 290 கிலோமீட்டர் தூரம் காட்டையும் பள்ளத்தாக்கையும் கடந்து, டாஸ்மன் கடலில் கலக்கிறது அந்த ஆறு. பெயர் மாவோரி மொழிப் பெயர். மாவோரி மக்கள் அந்நாட்டின் பூர்வ குடிகள்; ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே படகுகளில் வந்து குடியேறியவர்கள்.

சிக்கல் இந்தப் பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதுவதில் இருந்தது. முதலில் டபிள்யூ, அடுத்து ஏ என்று எழுதுவது ஒரு முறை. டபிள்யூவுக்கும் ஏ-க்கும் நடுவில் எச் என்ற எழுத்தைச் சேர்த்து எழுதுவது இன்னொரு முறை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் அந்த ஒரு எச் எழுத்துக்காக அவ்வூர் மக்கள் பல்லாண்டுகள் இரண்டுபட்டு நின்றார்கள்.

நாங்கள் போய் இறங்கியபோது ஊரில் இரண்டு எழுத்துமுறையும் வழக்கில் இருந்தன. ஆற்றின் பெயர்ப்பலகையில் எச் இருந்தது. கடைப்பலகைகள் பலவற்றில் இல்லை. மத்திய அரசிடமிருந்து வரும் கடிதத்தில் இருக்கும். மாவட்ட மன்றத்திலிருந்து வரும் கடிதத்தில் இருக்காது. அப்பா ஒரு நாள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எதுல அச்சுப்பிழைன்னு தெரியலையே" என்றார். வந்த புதிதில் அவர் அறியாமல் கேட்ட கேள்விதான் அவ்வூரின் பெருங்கேள்வி என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பள்ளியில் சேர்ந்த முதல் நாள் ஆசிரியை என் பெயரைப் பட்டியலில் பார்த்துப் படிக்க முயன்றார். நல்ல பெண்மணி. இரண்டு முறை முயன்றார். நாக்கு வளையவில்லை. "சுருக்கிக் கூப்பிடலாமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அன்று முதல் என் பெயரின் முதல் அசை பள்ளிக்கு, முழுப்பெயர் வீட்டுக்கு என்று ஆயிற்று. எனக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. சொல்லப்போனால் அந்தச் சுருக்கப் பெயர் ஆங்கிலேயப் பையனின் பெயர்போல் இருந்ததில் உள்ளூர ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது.

அந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் நண்பன் ஒரு மாவோரிச் சிறுவன். அவன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்து வந்தது. பந்தை எப்படிப் பிடிப்பது, விலாங்கு மீன் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். மாவோரி மொழியில் நம் 'ங' ஒலி சொல்லின் முதலிலும் வரும், நடுவிலும் வரும். நமக்கோ அரிச்சுவடியில் பார்த்ததோடு சரி. 'ங' என்ற உயிர்மெய்யைப் பிறகு மறந்துவிடுகிறோம். ஊர்ப்பெயரில் உள்ள அந்த ஒலியை வெள்ளைக்காரப் பையன்களைவிட நான் நன்றாகச் சொல்கிறேன் என்று என் நண்பனே பாராட்டினான். அந்தப் பாராட்டுக்கு நான் செய்த கைம்மாறு என்ன என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

2015-ஆம் ஆண்டு எச் வழக்கு மறுபடியும் சூடுபிடித்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. எங்கள் ஆசிரியையும் வகுப்பில் ஒரு சொற்போர் நடத்தத் தீர்மானித்தார். 'நம் ஊர்ப்பெயரில் எச் சேர்க்க வேண்டுமா?' என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் பக்கம் பிரித்தார்கள். என் நண்பனுக்கு 'சேர்க்க வேண்டும்' என்ற பக்கம். எனக்கு 'வேண்டாம்' என்ற பக்கம்.

எனக்கு அந்த வழக்கில் எந்தப் பற்றும் இல்லை. ஆனால் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் நிறைய இருந்தது. ஆகவே ஆதாரம் தேடிப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போனேன். அவர் எண்பது வயதை எட்டிய வெள்ளைக்காரர். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தின் மீது அன்பு உள்ளவர். குளிர்காலத்தில் விறகு பிளந்து கொண்டுவந்து வைப்பார். அவர் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பத்திரிகை நறுக்குகள் வைத்திருந்தார். 2006-இல் ஊரில் நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 82 விழுக்காட்டினர் எச் வேண்டாம் என்றதையும், 2009-இல் மறுபடி நடந்த வாக்கெடுப்பிலும் பெரும்பான்மை அவ்வாறே சொன்னதையும் காட்டினார். அன்றைய மேயர் மைக்கேல் லாஸும் எச் கூடாது என்று கடுமையாக வாதாடியவர்.

நான் புறப்படும்போது பெரியவர் ஒன்று சொன்னார்: "என் தாத்தா இப்படித்தான் எழுதினார். என் மனைவியின் கல்லறையிலும் ஊர்ப்பெயரை இப்படித்தான் செதுக்கியிருக்கிறேன். இப்போது வந்து அது பிழை என்கிறார்கள். கல்லில் உள்ளதை நான் என்ன செய்வது?" அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவர் மாவோரி மக்களை வெறுத்தவர் என்று நான் ஒருநாளும் எண்ணவில்லை, இப்போதும் எண்ணவில்லை.

சொற்போர் நாளன்று பெற்றோரும் உறவினரும் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். என் நண்பனின் பாட்டியும் வந்திருந்தார். என் அம்மாவுக்கு அன்று பகல் பணி, வரவில்லை. வராமல் போனதே நல்லது.

என் நண்பன் முதலில் பேசினான். ஆற்றின் பெயரில் 1991-லேயே அரசாங்கம் எச் சேர்த்துவிட்டது. ஆற்றின் பெயரைத் தாங்கிய ஊரில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டான். தாயின் பெயரை ஒருவிதமாகவும் பிள்ளையின் பெயரை வேறுவிதமாகவும் எழுதுவதா என்றான். ஐரோப்பியர் குடியேறிய காலத்தில் இந்த ஊருக்கு நியூசிலாந்துக் கம்பெனியைச் சேர்ந்த ஒரு பிரபுவின் பெயரால் 'பீட்டர்' என்று பெயர் வைத்தார்கள். அது குடியேறியவர்களுக்கே பிடிக்காமல் 1854-இல் மாற்றினார்கள். ஒருமுறை முழுப்பெயரையே மாற்றியவர்களுக்கு இப்போது ஓர் எழுத்தைச் சேர்ப்பது ஏன் பாரமாக இருக்கிறது என்றான். நல்ல வாதங்கள்தாம். ஆனால் தலை குனிந்து, தாளைப் பார்த்து, மெதுவாகப் படித்தான்.

அடுத்து நான் எழுந்தேன். வாக்கெடுப்புக் கணக்கைச் சொன்னேன். பலகைகளை மாற்றும் செலவைச் சொன்னேன். பிறகு, என்னுடைய பெரிய ஆயுதம் என்று நான் நினைத்திருந்ததை எடுத்தேன். நாட்டின் மற்றப் பகுதி மாவோரி மக்களில் பெரும்பாலோர் டபிள்யூ-எச் சேர்ந்து வந்தால் ஏறக்குறைய ஆங்கில எஃப் போல ஒலிப்பார்கள். வாங்கனுயி மக்கள் அப்படி ஒலிப்பதில்லை. வகரம் போலத்தான் ஒலிப்பார்கள். "எச்சைச் சேர்த்தால் வெளியூர்க்காரன் நம் ஊரைப் 'ஃபாங்கனுயி' என்பான். அதுவா உங்களுக்கு வேண்டும்?" என்று கேட்டேன். சிரிப்பு எழுந்தது. சிரிப்பில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. உடனே, தாளில் எழுதி வைத்திராத ஒன்றைச் சொன்னேன்: "காதில் விழாத ஓர் எழுத்து இது. இது இல்லாததால் எதையாவது இழந்தவர்கள் இங்கே இருந்தால் கை தூக்குங்கள்!"

வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் ஒரே ஒரு கை உயர்ந்தது. என் நண்பனின் பாட்டி. அவர் கோபமாக இல்லை. ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பள்ளிப்பிள்ளை கை தூக்குவதுபோலத் தூக்கினார், சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார், பிறகு இறக்கிவிட்டார்.

முடிவில் கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். எங்கள் பக்கமே கூடுதல். எனக்கு ஒரு புத்தகம் பரிசாகக் கிடைத்தது. மறுநாளிலிருந்து என் நண்பன் என்னோடு பேசவில்லை.

அந்த வாரம் முழுவதும் நான் பட்ட பாட்டை விவரிக்க வேண்டியதில்லை. அயல்நாட்டில், ஒரே நண்பனும் பேசாமல் போனால் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். எட்டாம் நாள் அவனே வந்தான். "பாட்டி உன்னை வீட்டுக்கு வரச் சொன்னார்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அம்மா ஒரு டப்பாவில் முறுக்கு வைத்துக் கொடுத்து அனுப்பினார்.

பாட்டி எண்ணெயில் பொரித்த ரொட்டி செய்து வைத்திருந்தார். முறுக்கை ஒன்று கடித்துப் பார்த்து, பல் போய்விடும் போலிருக்கிறதே என்று சிரித்தார். பிறகு என் பெயரைக் கேட்டார். பள்ளியில் வழங்கிய சுருக்கப் பெயரைச் சொன்னேன்.

"அது பள்ளிக்கூடத்துப் பெயர். உன் தாய் உன்னை எப்படிக் கூப்பிடுவாள்?"

முழுப்பெயரைச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார், ழகரம் வரவில்லை. "மறுபடி சொல்" என்றார். சொன்னேன். நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார். வாயைத் திறந்து காட்டினேன். ஐந்தாறு முறை முயன்றார். கடைசியில், முழுதும் சரியாக இல்லாவிட்டாலும், அதுதான் என் பெயர் என்று நான் அடையாளம் கண்டுகொள்ளும்படி சொல்லிவிட்டார். அந்த நாட்டில் என் பெயரை அவ்வளவு பாடுபட்டுச் சொன்னவர் அவர் ஒருவரே.

சொற்போரைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. தங்கள் ஊர்ப்பெயரின் பொருளைச் சொன்னார். 'நுயி' என்றால் பெரிய. முன்சொல்லுக்கு எச் உண்டு. அதற்குத் துறை, வளைகுடா என்று பொருள். காத்திருத்தல் என்றும் பொருள். ஹவு என்னும் முன்னோர் ஒருவர் தம்மை விட்டுப் போன மனைவியைத் தேடிக் கடற்கரை வழியே நடந்தார். குறுக்கிட்ட ஒவ்வோர் ஆற்றுக்கும் பெயர் வைத்துக்கொண்டே போனார். இந்த அகன்ற முகத்துவாரத்துக்கு வந்து, கடக்க வழியின்றி நெடுநேரம் காத்திருந்தார். அதனால் இந்தப் பெயர் என்று ஒரு கதை. தெற்கே மனவாத்தூ என்று ஓர் ஆறு. அதைக் கண்டபோது அவர் நெஞ்சு நின்றே போயிற்றாம். அதுதான் அந்தப் பெயரின் பொருள். "எச்சை எடுத்துவிட்டால் எங்கள் சொல்லுக்கு எங்கள் பேச்சில் பொருளே இல்லை" என்றார்.

பிறகு அந்தச் சொல்லை ஒலித்துக் காட்டினார். நான் வகுப்பில் சொன்னதுபோல் அது வெறும் வகரம் அன்று. வகரம் தோன்றும்போது தொண்டையில் ஒரு கணம் காற்று தடைபட்டு விடுபடுகிறது. மூன்று முறை கேட்ட பிறகுதான் என் காதுக்கு அது பிடிபட்டது. காதில் விழாத எழுத்து என்று நான் முழங்கினேனே, அந்த எழுத்து அவ்வளவு காலமும் ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்கத் தெரியாதது என் காதின் குறை.

அவர் சிறுமியாய் இருந்தபோது பள்ளியில் மாவோரி பேசியதற்காகப் பிரம்படி பட்டவர். அந்த மொழிக்கு அந்நாட்டில் ஆட்சிமொழி என்ற தகுதி 1987-இல்தான் கிடைத்தது. 1995-இல் ஆற்றங்கரையில் உள்ள பாக்கைத்தோரே என்னும் பூங்காவில், அது தங்கள் நிலம் என்று சொல்லி அவ்வின மக்கள் 79 நாட்கள் தங்கிப் போராடியபோது அவரும் அங்கே சமையல் செய்தாராம். இவற்றையெல்லாம் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, ஊர்க்கதை பேசுவதுபோல் சொன்னார்.

"உன் ஊர்ப்பெயர் என்ன?" என்று கேட்டார். சோழவந்தான் என்றேன். சோழ மன்னன் வந்த ஊர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள் என்றேன். ஆங்கிலத்தில் எழுதிக் காட்டச் சொன்னார். ரயில் நிலையப் பலகையில் உள்ளபடியே எழுதினேன். அவர் அதைப் பார்த்தார். "உன் பெயரிலும் இருக்கிறதே அந்த ஒலி, அது இதில் எங்கே?" என்றார். எல் என்ற எழுத்தைக் காட்டினேன். "இது வேறு ஒலிக்கும் உண்டல்லவா?" என்றார். உண்டு என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நானும் பேசவில்லை.

அன்றிரவு அப்பாவிடம், "பெரும்பாலோர் வேண்டாம்னுதானே ஓட்டுப் போட்டாங்க, அப்போ அதுதானேப்பா சரி?" என்று கேட்டேன். அப்பா சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்கும் வேலையிலிருந்து அலுத்துப்போய் வந்திருந்தார். "ரோடு போடலாமா வேணாமான்னு ஓட்டுப் போடலாம்டா. அடுத்தவன் பேரை எப்படி எழுதணும்னு நாம ஓட்டுப் போட முடியுமா?" என்றார். இது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு அன்று. ஆனால் இத்தனை ஆண்டுகளில் இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது வரலாறு பயிலும் மாணவனாக அந்த எழுத்து எப்படி விடுபட்டது என்று தேடிப் பார்க்கிறேன். மாவோரி மொழிக்கு முன்பு எழுத்து வடிவம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறித்துவ ஊழியர்களும் மொழியறிஞர்களும் ரோமன் எழுத்தில் அதனை எழுத முற்பட்டார்கள். அக்காலத்தில் அந்த ஒலிக்கும் டபிள்யூவை மட்டும் போட்டு எழுதுவதே பெருவழக்காய் இருந்தது. 1840-இல் பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் கையெழுத்திட்ட வைத்தாங்கி உடன்படிக்கையின் மாவோரிப் பிரதியிலேயே, இன்று எச் சேர்த்து எழுதப்படும் சொற்கள் எச் இன்றி இருக்கின்றன. பின்னர் எழுத்துமுறை சீர்ப்பட்டது. ஏனைய சொற்கள் திருந்தின. இந்த ஊர்ப்பெயர் மட்டும் வரைபடத்திலும் முத்திரையிலும் பழைய வடிவில் உறைந்துபோயிற்று. ஆகவே பெரியவரின் தாத்தா வேண்டுமென்று பிழை செய்தவர் அல்லர். தமக்குக் கிடைத்த எழுத்தை எழுதினார். எச் கேட்டவர்களும் புதிதாக ஒன்றைத் திணித்தவர்கள் அல்லர். தங்கள் சொல்லைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். இருசாரார் பக்கமும் நேர்மை இருந்தது. ஆனால் சொல் யாருடையது என்று கேட்டால் விடை ஒன்றுதான்.

2009 பிப்ரவரியில் தே ரூனங்கா ஓ தூபொஹோ என்னும் அவ்வின மக்களின் மன்றம் நியூசிலாந்துப் புவியியல் வாரியத்துக்கு விண்ணப்பம் செய்தது. வாரியம் மூன்று மாத காலம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, செப்டம்பரில் எச் இருப்பதே சரி என்று முடிவு கூறியது. இறுதி முடிவு அமைச்சர் கையில் இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அரசு ஒரு நடுவழி கண்டது: இரண்டு வடிவமும் செல்லும், அரசுத் துறைகள் மட்டும் எச் சேர்த்து எழுதும். அப்பா பார்த்த இரண்டு கடிதங்களின் மர்மம் இதுதான். 2015 நவம்பர் 17 அன்று மாவட்டத்தின் பெயரிலும் எச் சேர்க்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 1856 முதல் வெளிவரும் அவ்வூர் நாளிதழும் பிற்காலத்தில் தன் பெயரில் எச் சேர்த்துக்கொண்டது.

அறிவிப்பு வந்த மாலை நண்பனின் வீட்டில் பாட்டு ஒலித்தது. நான் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். வரும் வழியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டத்தில் நின்றிருந்தார். "கேள்விப்பட்டேன்" என்றார். பிறகு, "என் மனைவியின் கல்லை யாரும் தொட மாட்டார்கள் அல்லவா?" என்று கேட்டார். யாரும் தொட மாட்டார்கள் என்றேன். யாரும் தொடவும் இல்லை. நாங்கள் ஊரைவிட்டுப் புறப்படும் வரையில் அவருடைய தபால் பெட்டியில் எச் இல்லாத பெயரே இருந்தது. அதை ஒருவரும் குறை சொல்லவில்லை. பயந்ததுபோல் ஒன்றும் நடந்துவிடவில்லை.

2017 மார்ச்சில் அந்நாட்டுப் பாராளுமன்றம் அந்த ஆற்றையே சட்டத்தின் முன் உரிமைகள் உள்ள ஒரு நபராக ஏற்றது. நானே ஆறு, ஆறே நான் என்று சொல்லிக்கொள்ளும் மக்களுக்கு அது புதுமை அன்று. எங்களுக்குப் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. பாட்டியிடம் விடைபெறப் போனேன். வாசலில் நின்று என் முழுப்பெயரைச் சொல்லித்தான் வழியனுப்பினார். அவரிடம் அந்தச் சொற்போருக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. இன்று அவர் இல்லை.

ஊர் திரும்பிய பின் 2020 ஜூனில் நம் மாநிலத்தில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி அரசாணை வெளிவந்ததையும், எழுத்துக்கோவையைப் பலரும் குறை கூறவே சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டதையும் நண்பர்கள் அறிவீர்கள். நோக்கம் நல்லதுதான். ஆயினும் அந்தந்த ஊராரை அருகே வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கேட்டு, பொறுமையாகச் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணினேன். வாங்கனுயியில் கேட்டவர்கள் ஊரின் சொல்லுக்கு உரியவர்கள். அவர்கள் கேட்டு, காத்திருந்து, தோற்று, மறுபடி கேட்டுப் பெற்றார்கள்.

பதினெட்டு வயது நிரம்பியதும் நான் ஒரு காரியம் செய்தேன். என் சான்றிதழ்களில் ஆங்கிலத்தில் என் பெயர் எல் போட்டு எழுதப்பட்டிருந்தது. அதை இசட்-எச் என்று திருத்தி அரசிதழில் வெளியிட விண்ணப்பித்தேன். படிவம், கட்டணம், சான்றொப்பம் என்று பல நடை நடந்தேன். "ஒரு எழுத்துக்கா இவ்வளவு அலைச்சல்?" என்று அம்மா அலுத்துக்கொண்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். இசட்-எச் என்று எழுதினால் வெளிநாட்டுக்காரர் தவறாகத்தான் படிப்பார். தமிழறியாத வடநாட்டு நண்பரும் தவறாகத்தான் படிப்பார். தெரியாதவன் தவறாகப் படிப்பான் என்பதற்காக, தெரிந்த நாம் தவறாக எழுத வேண்டுமா? பன்னிரண்டு வயதில் 'ஃபாங்கனுயி' என்று கேலி பேசிய என் வாதத்துக்கு ஆறு ஆண்டுகள் கழித்து நானே சொன்ன மறுப்பு இது. இரண்டு பெயருக்கும் துணைக்கு வந்தது அதே எச் எழுத்து என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

அரசிதழில் என் பெயர் வந்த பக்கத்தைப் படம் எடுத்து வாங்கனுயியில் உள்ள என் நண்பனுக்கு அனுப்பினேன். சொற்போருக்குப் பின் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்று மாலை அவனிடமிருந்து பதில் வந்தது.

"வாழ்த்துகள். வாக்கெடுப்பு நடத்தினாயா?"